தளபதி மோரான் உப்புப் போட்ட விதம்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பழைய டைரி தீர்ந்துபோனது. இது புதியது என்பதால் முறைப்படி தொடங்குகிறேன். பெயர் சுடலைமணி. ஊர் நாகர்கோவில், வடசேரி. தொழில், கணினி விளையாட்டுகளில் வரும் மனிதர்களை நடக்க, ஓட, வெட்ட, விழ வைப்பது, அதாவது அனிமேட்டர். தென்கொரியாவில், சியோலுக்குத் தெற்கே பாங்யோ என்னும் இடத்தில் ஒரு கம்பெனியில் இது மூன்றாவது ஆண்டு. இங்கே எல்லோரும் என்னை ‘மானி-சி’ என்கிறார்கள். ‘சி’ மரியாதைக்கு. ‘மானி’ என்றால் கொரிய மொழியில் ‘நிறைய’. ஆகவே இந்த நாட்டில் நான் திருவாளர் நிறைய.

அலுவலகத்தில் பேச்செல்லாம் கொரிய மொழியில்தான். ஆனால் என் தலைக்குள் அது தமிழாகவே வந்து விழுகிறது. விழுந்தபடியே எழுதிவிடுகிறேன்.

இன்று சூசொக் பண்டிகைக்கான கூட்டம். சூசொக் இவர்களுடைய அறுவடைத் திருநாள். அன்று முன்னோருக்குப் படையல் வைத்து விழுந்து கும்பிடுவார்கள். எங்கள் விளையாட்டுக்குள்ளும் அந்தப் படையல் வர வேண்டும் என்பது குவோன் டைரக்டரின் ஆசை. விளையாட்டு முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆந்தோங் என்ற ஊர்க்காரர். கன்பூசியஸ் சொன்னதைச் சீனாக்காரனே மறந்தாலும் ஆந்தோங்காரன் மறக்க மாட்டான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். குடும்பத்தில் மூத்த மகனின் மூத்த மகனின் மூத்த மகன். அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் விளையாட்டின் நாயகி தளபதி மோரான். தொண்ணூறாவது லெவல். ஒரே அம்பில் மூன்று புலிப்பேய்களைச் சாய்ப்பவள். அவளை வரைந்தது எனக்கு எதிர் மேஜையில் இருக்கும் ஹேவோன். முப்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டாள்.

இன்று பேசினாள். “அப்போ படையல்ல முதல் கிண்ணம் மது ஊத்துறது மோரான்தானே?”

குவோன் பேனாவைக் கீழே வைத்தார். “பொண்ணு எப்படி ஊத்துவா?”

“அவ தளபதி.”

“தளபதியா இருக்கட்டும். பொண்ணுதானே. மூத்த ஆண்தான் ஊத்தணும். அந்த வீட்ல ஆம்பளை யாரு இருக்கா, பாருங்க.”

பார்த்தோம். மோரானின் அண்ணன் மகன் ஒருவன் இருந்தான். லாயத்தில் குதிரைக்குப் புல் அள்ளிப் போடுபவன். மூன்றாவது லெவல். வாத்து கொத்தினால்கூடச் செத்துவிடுவான்.

“அவன் ஊத்தட்டும். மோரான் அடுக்களையில சூப்பு வைக்கட்டும். பண்டிகைன்னா அதுதான் அழகு,” என்றார் குவோன்.

ஹேவோன் குனிந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இதில் தவறொன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அம்மா திவசத்துக்கு அப்பாதான் உட்காருவார். அடுக்களை என் மனைவி பகவதியின் பொறுப்பு. எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

இன்று பிளாஸ்டிக் குப்பை போடும் நாள். பால் டப்பாவைக் கழுவி, மேல் காகிதத்தை உரித்து, மூடியைத் தனியே போட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

புதிய சிக்கல். பாதி விளையாட்டுக்காரர்கள் அந்த அண்ணன் மகனை ஏற்கெனவே வாத்துக்குப் பலி கொடுத்துவிட்டார்களாம். வீட்டில் ஆணே இல்லை. ‘பங்காளி வீட்டுப் பையனைத் தத்தெடு’ என்று ஒரு பொத்தான் வைத்துவிட்டோம். மரபுப்படி மிகச் சரி என்றார் குவோன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மோரான் சூப்பில் உப்புப் போடும் அசைவு என் தலையில் விழுந்தது. வில் வளைக்கும் கையை அடுக்களைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. ஒரு கை உப்புப் போடுவதை நேரில் பார்த்தால்தான் சரியாக வரும். பகவதியிடம் கேட்டேன். ரசத்துக்கு உப்புப் போடுவதைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். அருமையான கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உப்பை நெருக்கி எடுத்து, ஒரு கணம் நின்று, பிறகு உதிர்த்தன. அந்த ஒரு கணத்தில்தான் உயிர் இருக்கிறது. அப்படியே மோரானுக்குக் கொடுத்துவிட்டேன்.

பகவதி மறுபடியும் மருந்துக்கடை வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் டி.பார்ம். படித்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாகத் திறந்த கடையில் கூப்பிடுகிறார்களாம். அப்பாவுக்குப் பன்னிரண்டரைக்குச் சூடாகச் சோறு வேண்டும் என்பதை நினைவூட்டினேன். பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன். மகள் மதிவதனிக்குப் பல் விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

பண்டிகைப் பகுதி இன்று வெளியானது. எல்லோருக்கும் பன்றிக்கறி விருந்து. பெண்கள் கறியைத் திருப்பிப் போட்டு, கத்தரியால் வெட்டிக் கொடுத்தார்கள். ஹேவோன் வெட்டியது ஒரே அளவாக இருந்தது. கலைஞர் அல்லவா.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை எழுத வேண்டும்.

விளையாட்டுக்காரர் ஒருவர் மோரான் உப்பெடுக்கும் அந்த ஒரு கணத்தை அப்படியே நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டார். கீழே எழுதியிருந்தது: “இது அந்த விரல்.”

எந்த விரல் என்று நான் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். அவர் காது சிவந்துபோனது. பிறகு காகிதத்தில் வரைந்து காட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடித்தால், ஆண்களின் அந்தரங்கம் இத்துனூண்டு என்று பெண்கள் கேலி செய்வதாக அர்த்தமாம். எப்போதோ சில பெண்கள் இணையத்தில் அப்படிக் கேலி செய்தார்களாம். அன்றிலிருந்து இந்நாட்டு இளைஞர்கள் சிலர் விளம்பரங்களிலும் விளையாட்டுகளிலும் அந்த விரலைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

“அவ உப்புதானே போடுறா?” என்றேன்.

“உப்பு எங்க தெரியுது? விரல்தான் தெரியுது,” என்றார் அவர்.

செப்டம்பர் 2, திங்கள்

கம்பெனி வாசலில் லாரி. இங்கே விளையாட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கூட்டம் கூட மாட்டார்கள். பெரிய மின்திரை பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்து அனுப்புவார்கள். அது கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். இன்று வந்ததில், “ஆண்களை இழிவு செய்த ஓவியர் ஹேவோனை நீக்குக” என்று ஓடியது. மோரானை வரைந்தவள் அவள் என்பதால் விரலும் அவளுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எப்போதோ அவள் ஒரு பெண்கள் கூட்டத்தின் படத்துக்கு விருப்பக்குறி போட்டதையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

பத்து மணிக்குக் கூட்டம். குவோன் நேராக ஹேவோனைப் பார்த்தார். எல்லோரும் ஹேவோனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், எல்லோரும் பார்க்கும்போது வேறெங்காவது பார்ப்பது முறையாக இருக்காது.

அந்த அசைவைச் செய்தது நான் என்பதை நான் மறைக்கவில்லை. தெளிவாகச் சொன்னேன். கூட்டம் முடிந்து, குவோனோடு லிஃப்டில் இறங்கும்போது சொன்னேன்.

“தெரியும், மானி-சி,” என்றார். “ஆனா நீங்க ஆம்பளை.”

“ஆமா.”

“ஆம்பளை அந்த விரலைக் காட்டினான்னா யாரு நம்புவா? பொய் சொல்லி அந்தப் பொண்ணைக் காப்பாத்துறோம்னு இன்னும் ரெண்டு லாரி வரும். உங்க விசா நவம்பர்ல புதுப்பிக்கணும் இல்லையா?”

“ஆமா.”

“அப்போ விடுங்க.”

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது. துணி துவைத்தேன். வாஷிங் மெஷின் முடிந்ததும் வழக்கம்போல் பாட்டுப் பாடியது.

செப்டம்பர் 3, செவ்வாய்

எனக்குப் பதவி உயர்வு! கம்பெனியில் ‘விரல் ஆய்வுக் குழு’ அமைத்திருக்கிறார்கள். தலைவர் நான். வெளிநாட்டுக்காரன் என்பதால் எந்தப் பக்கமும் சாயமாட்டேனாம். இந்த விளையாட்டில் கை உள்ள எல்லோரையும் பரிசோதித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சந்தேகப்படும்படியான இடைவெளி இருந்தால் மூட வேண்டும். பகவதியிடம் சொன்னேன். “இதுக்காக்கும் அவ்ளோ தூரம் போனீங்க?” என்றாள்.

செப்டம்பர் 5, வியாழன்

வேலை கடுமை. விதி எளிது: ஒன்று முஷ்டி, அல்லது விரித்த கை. நடுவில் எதுவும் கூடாது.

வைத்தியர் இனி ஊசியை முஷ்டியால் பிடித்துக் குத்துகிறார். பார்ப்பதற்குக் கொலை போல இருக்கிறது. தையற்காரியின் நூல் தானாகவே காற்றில் நெளிந்து ஊசிக்குள் போகிறது. சதுரங்கம் ஆடும் கிழவர்கள் காயை உள்ளங்கையால் பலகையில் அறைகிறார்கள். தாயின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தையை முழுவதுமாக நீக்கினோம். ஆண் பாத்திரங்களுக்கும் இந்த விதி உண்டா என்று கேட்டேன். குவோன் யோசித்துவிட்டு, ஆண்கள் விரலை எப்படி வைத்தாலும் அர்த்தம் வராது என்றார்.

மோரானுக்கு ஒரு பெரிய அகப்பை கொடுத்தோம். அதில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள்.

மாலையில் விளையாட்டுக்காரர்களிடமிருந்து புதிய புகார். “எந்த வீட்டில் சூப்புக்கு இப்படி உப்புக் கொட்டுவார்கள்? இவளுக்கு அம்மா ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லையா?”

செப்டம்பர் 6, வெள்ளி

மதியம் ஹேவோன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேறு மேஜையில் இடம் இல்லாததால் அவள் எதிரே உட்கார்ந்தேன். இடம் இருந்தது, ஆனால் ஜன்னலோரம் இல்லை.

லாரியைப் பார்த்துப் பார்த்து மனம் வருந்துகிறதா என்று கேட்டேன்.

“அதுல ஓடுற வாசகத்தை எழுதினது நான்தான்,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் போனை எடுத்துக் காட்டினாள். அவளும் எங்கள் விளையாட்டை விளையாடுகிறாள். சாதாரணமாக இல்லை, நாட்டிலேயே முதல் பத்துக்குள் இருக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவர். பெயர் ‘மலைக்கரடி’. குழுவில் முழுக்க ஆண்கள். மூன்று வருடமாக அவளை அவர்கள் ‘ஹியோங்நிம்’ என்று அழைக்கிறார்கள். அண்ணன் அவர்களே என்று அர்த்தம்.

“பொண்ணுன்னு தெரியாதா?”

“தெரிஞ்சா என்னை வைத்தியச்சியா ஆக்கிடுவாங்க. பின்னால நின்னு காயத்துக்கு மருந்து போடச் சொல்லுவாங்க. பொண்ணுன்னா அதுதான் வேலை. எனக்கு வில் வேணும். அதனால மைக் ரிப்பேர்னு சொல்லிட்டேன்.”

“மூணு வருஷமாவா?”

“பாவம், அண்ணனுக்கு வசதியில்லைன்னு நெனச்சு ஆளாளுக்கு மைக் வாங்கி அனுப்புறாங்க. வீட்ல வைக்க இடமில்ல.”

அந்தக் குழுதான் இந்த லாரியை அனுப்பியது. வாசகத்தை அண்ணனே எழுதித் தர வேண்டும் என்று கெஞ்சினார்களாம்.

“மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே.”

“அவங்களே எழுதினதைப் பாத்தேன். அத்தனை எழுத்துப்பிழை. மரியாதை விகுதியும் தப்பு. என் பேரு போட்டு ரோட்ல ஓடுற விஷயம், மானி-சி.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அந்த உப்பு அசைவோட கோப்புல உங்க பேரு இருக்கு,” என்றாள். “செஞ்சது நீங்கதான்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.”

முள்ளங்கிக் குழம்பு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

நாளை இணையத்தில் நேரலையாக மன்னிப்புக் கேட்கிறோம். இன்று முழுவதும் குனியும் ஒத்திகை. மேலதிகாரிக்கு எவ்வளவு, வாடிக்கையாளருக்கு எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. நாளைக்கு மேசை மாதிரி முழுசாக மடங்க வேண்டும். வயது வரிசையில் நிற்க வேண்டும். ஹேவோன் கடைசியில். ஒரு வருடம் முன்புதான் சேர்ந்த பையன் அவளுக்கு முன்னால் நிற்கிறான். வயதில் இளையவன்தான். ஆனால் மன்னிப்புக் கடிதம் படிக்க வேண்டியவள் கடைசியில் நின்றால்தான் வருத்தம் தெரியும் என்றார் குவோன்.

கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டேன். காலரில் கறை போகவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

நேரலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எல்லோரும் மடங்கினோம். பிறகு வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்தோம். குவோன் பேசினார். பெரியோர், சிறியோர், ஆண், பெண், அவரவர் இடத்தில் அவரவர் இருந்தால் இப்படி நேர்ந்திருக்காது என்றார். பிறகு ஹேவோன் காகிதத்தைப் பிரித்தாள். “ஆண் விளையாட்டுக்காரர்களின் மனத்தை என் கவனக்குறைவான விரல்...” என்று தொடங்கியது. பக்கத்திலிருந்த திரையில் கருத்துகள் மழையாகக் கொட்டின. ‘குரல்ல வருத்தம் இல்லை.’ ‘இன்னும் குனியச் சொல்லு.’ ‘அழச் சொல்லு.’ அவள் நிறுத்தினாள். திரையைப் படித்தாள். அதில் பாதிப் பெயர்கள் அவள் குழுவைச் சேர்ந்தவர்கள் என்று நினைக்கிறேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

அப்போது எழுந்தேன். மண்டியிட்டு உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது, அதனால்தான் எழுந்தேன். எழுந்த பிறகு சும்மா நிற்க முடியாதல்லவா.

“அந்த உப்பைப் போட்டது நான்,” என்றேன்.

குவோன் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. கருத்து மழை ஒரு நொடி நின்று மறுபடி கொட்டியது. ‘யாருடா இவன்?’ ‘வெளிநாட்டுக்காரனை விலைக்கு வாங்கிட்டாங்க.’ ‘ஆம்பளை கை இப்படி வளையாது.’

நிகழ்ச்சியை நடத்தியவர் பாவம், வெலவெலத்துப்போய் என்னிடம் கேட்டார். “ஏன் அப்படிச் செஞ்சீங்க?”

“உப்பு அப்படித்தான் போடுவாங்க.”

“யாரு போடுவாங்க?”

“என் மனைவி. அவ கையைப் பாத்துத்தான் செஞ்சேன்.”

திரையில் ஒரு வரி மேலே வந்து நின்றது.

‘பின்னால ஒரு பொம்பளை இருக்கான்னு நான் அப்பவே சொன்னேன்.’

ஹேவோன் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மேடையிலிருந்து இறங்கும்போது என் தோளை லேசாகத் தொட்டாள். தடுமாறியிருப்பாள்.

செப்டம்பர் 11, புதன்

லாரியில் வாசகம் மாறிவிட்டது. “பகவதியை நீக்குக.” கொரிய எழுத்தில் ‘பாகபாதி’ என்று இருந்தது. விகுதியெல்லாம் சரியாக இருந்தது.

கம்பெனியில் ஒரே கொண்டாட்டம். பகவதி கொரியக்காரி இல்லை. கம்பெனி ஆளே இல்லை. அவளை நீக்கினால் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. குவோன் எனக்கு ஜின்செங் வேர்ப் பானம் வாங்கிக் கொடுத்தார்.

மாலையில் பகவதியைக் கூப்பிட்டேன்.

“என்னைய வேலைய விட்டு எடுக்கச் சொல்லுதாங்களா?” என்றாள். “எந்த வேலையிலேருந்து?”

“சமையல்லேருந்துன்னு நெனைக்கேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. சும்மா பேருக்குத்தான்.”

“எத்தன பேரு கேக்காங்க?”

“நாப்பதாயிரம் பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

“நாப்பதாயிரம் ஆம்பளைங்க என்னைய அடுக்களையவிட்டு எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க பேருக்குத்தான்னு சொல்லுதீங்க. இங்க பாருங்க, வாய் வார்த்தையெல்லாம் செல்லாது. லெட்டர்ல எழுதி, சீல் வச்சு அனுப்பச் சொல்லுங்க.”

“ஏட்டி, வெளையாடாத.”

“வெளையாட்டுக் கம்பெனிதான அது?” என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆணை தயாராகிவிட்டது. குவோனே சொல்லச் சொல்ல, மனிதவளப் பிரிவுப் பெண் தட்டச்சு செய்தாள். கம்பெனியின் இணையப் பக்கத்திலும் போட்டார்கள். தமிழில் இப்படி வரும்:

“எம் நிறுவனத்தின் அனிமேட்டர் திரு. சுடலைமணியின் மனைவி திருமதி பகவதி, உப்பிடும் முறையில் கவனக்குறைவாக இருந்த காரணத்தால், சமையல் மற்றும் அதைச் சார்ந்த எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார். இவ்வாணை உடனே அமலுக்கு வருகிறது.”

கீழே சிவப்பு முத்திரை. ஒரு படி பகவதியின் போனுக்கும் போனது. ஒரு மணி நேரத்தில் லாரி போய்விட்டது. சாலை வெறிச்சென்று இருந்தது.

அப்பா போன் செய்தார். அவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். எதையும் உரக்கத்தான் பேசுவார்.

“லேய், அது என்னல லெட்டரு? இவ அதைப் பிரேம் போட்டு அடுக்களையில மாட்டிட்டு, மருந்துக்கடைக்குக் கெளம்பிட்டா. எவனோ ஒரு கொரியாக்காரன் எம் மருமவள வேலைய விட்டு எடுக்கதுக்கு யாருல? சம்பளம் குடுக்காதவன் எப்படி எடுப்பான்?”

பின்னாலிருந்து பகவதியின் குரல் கேட்டது. “மாமா, நீங்களுந்தான் குடுக்கல.”

அப்பா போனை வைத்துவிட்டார். இதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

ஹேவோன் மேல் இனி எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக அவளைக் கைகள் இல்லாத பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்: பாறைகள், மரங்கள். இன்று வரைந்த முதல் பாறை ஆய்வுக்காக என்னிடம் வந்தது. நிமிர்ந்த கட்டைவிரல் மாதிரியே இருந்தது. அனுமதி கொடுத்தேன்.

மாலை ஆறு மணிக்கு என்னையும் ஒரு ‘பி.சி. பாங்’குக்கு அழைத்துக்கொண்டு போனாள். வரிசையாகக் கணினிகள் வைத்து, மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் இடம். நூடுல்ஸும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். இன்று அவள் குழு பெரிய புலிப்பேயை வேட்டையாடும் நாள். அவள் பையிலிருந்து புதிய மைக் ஒன்றை எடுத்துப் பொருத்தினாள்.

“சொல்லப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“விண்ணப்பத்துல நாப்பதாயிரம் பேரு கையெழுத்துப் போட்டாங்க. அதுல என் குழுவும் இருக்கு. என் குரல் எப்படி இருக்கும்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

வேட்டை தொடங்கியது. அவள் பேசினாள். “இடது பக்கம் வில்லாளிகள் முன்னால வாங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் விடாதீங்க. நான் மலைக்கரடி. மூணு வருஷமா உங்களை நடத்துறது நான்தான்.”

காதுக்கருவியின் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்திருந்தாள். ஓர் ஆண் குரல் மிகப் பணிவாகக் கேட்டது.

“நீங்க அண்ணனோட தங்கச்சியா?”

“இல்ல. நான்தான் மலைக்கரடி.”

“அண்ணன் எங்க போயிருக்கார்மா?”

இன்னொருவன் அவனைத் திட்டினான். “மரியாதையாப் பேசுடா. அண்ணன் வீட்டுப் பொண்ணு.”

“தங்கச்சி, அண்ணன் சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்லுங்க. நாங்க கேட்டுக்கறோம்,” என்றான் மூன்றாமவன்.

ஹேவோன் ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேட்டையை நடத்தினாள். இப்படி ஒரு வேட்டையை நான் பார்த்ததில்லை. மூன்று பக்கமும் வளைத்து, ஒருவனைக்கூட இழக்காமல், புலிப்பேயைப் பள்ளத்தில் தள்ளி முடித்தாள். எல்லோரும் கத்திக் கூச்சலிட்டார்கள். “அண்ணன் பக்கத்துல இல்லாமலே ஜெயிக்க வச்சுட்டாரு! தங்கச்சி, அண்ணனுக்கு நல்லாச் சமைச்சுப் போடுங்க!”

அவள் காதுக்கருவியைக் கழற்றினாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. நூடுல்ஸ் கொண்டுவந்த ஆள் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

“பண்டிகை முடிஞ்சதும் ராஜினாமா,” என்றாள். “மூணு தோழிங்களோட சேர்ந்து சொந்தமா ஒரு விளையாட்டு செய்யப் போறேன். அனிமேட்டர் ஒருத்தர் வேணும்.”

விசாவைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டுத் தன் நூடுல்ஸைச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 14, சனி

சனிக்கிழமையிலும் அலுவலகத்துக்கு அழைத்துவிட்டார்கள். மனிதவளப் பிரிவில் நெருக்கடி. பகவதியின் ஆணையைப் பார்த்துவிட்டு, ஊழியர்களின் மனைவிமார் தங்களுக்கும் அதே போல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சூசொக்குக்கு இன்னும் மூன்று நாள்தான். படையலுக்கான சமையல் தலைமேல் இருக்கிறது. கணக்குப் பிரிவுத் தலைவரின் மனைவி, ஒரு கிளைத் தலைவரின் மனைவி, வாசல் காவலரின் மனைவி. வெளியாட்களும் கேட்கிறார்களாம். அந்தப் பெண் தட்டச்சு செய்து செய்து மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

கொடுக்க முடியாது என்று சொல்ல வழியில்லை. ஒருத்தியை நீக்கியது கம்பெனி. மற்றவர்களை நீக்க மாட்டோம் என்றால், அந்த ஒருத்தியை எந்த அதிகாரத்தில் நீக்கினோம் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் லாரியும் வரும்.

மாலையில் குவோன் என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் மனிதவளப் பிரிவின் முத்திரை போட்ட ஓர் உறை.

“என் வீட்டுக்காரிக்கு,” என்றார். உறையைச் சட்டைப் பைக்குள் திணித்தார். அவர் குடும்பத்தில் வருடத்துக்கு எத்தனை படையல் என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. யார் சமைப்பார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய். சூசொக்

ஊரே அடங்கிக் கிடக்கிறது. கடைகள் மூடியிருக்கின்றன. மிச்சமிருந்த அரிசியில் கஞ்சி வைத்துக் குடித்தேன்.

பன்னிரண்டரைக்குப் பகவதியைக் கூப்பிட்டேன்; ஊரில் அப்போது காலை ஒன்பது மணி. போனை எடுத்தவள், “பாராசிட்டமால் ரெண்டு வேளை, சாப்பிட்ட பொறவு. சளி மருந்து தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க,” என்றாள். எனக்கில்லை; கடைக்கு வந்த ஆளிடம். பிறகு என்னிடம், “கடையில கூட்டமா இருக்கு. பொறவு பேசுதேன்,” என்று வைத்துவிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. தொண்டை கட்டியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இல்லை. திருமணமான புதிதில் இப்படித்தான் பேசுவாள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். பேத்தியும் அவருமாக உப்புமா கிளறிக்கொண்டிருக்கிறார்களாம். பேச நேரமில்லை என்றார்.

ஒரு மணிக்குக் குவோன் கூப்பிட்டார், ஆந்தோங்கிலிருந்து. பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

“மானி-சி, மனிதவளப் பிரிவு லீவு. அந்த ஆணையோட கோப்பு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா?”

“இருக்கு, டைரக்டர்நிம்.”

“பேரை மட்டும் மாத்தி ஒண்ணு அனுப்புங்க. இப்பவே.”

“யாருக்கு?”

“என் அம்மாவுக்கு. என் வீட்டுக்காரி அவங்க முன்னால லெட்டரை வச்சுட்டு, மேல்கோட்டை எடுத்துக்கிட்டுக் கடல் பாக்கப் போயிட்டா. அம்மா லெட்டரை ரெண்டு தடவை படிச்சாங்க. சத்தம் போடுவாங்கன்னு எல்லாரும் நின்னோம். ‘இது எனக்கும் ஒண்ணு கிடைக்குமாடா?’ன்னு கேட்டாங்க.”

கோப்பைத் திறந்தேன். பெயர் போட்டேன். பொறுப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“மூத்த வீட்டு மருமகள்,” என்றார்.

“எப்போலேருந்து?”

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “பத்தொன்பது வயசுலேருந்தாம். வருஷத்தைப் போட வேண்டாம்னு சொல்றாங்க. போட்டா எனக்கு அசிங்கமாம்.”

முத்திரையை ஒட்டி அனுப்பினேன். அவர் போனைத் துண்டிக்கவில்லை. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் குரல் கேட்டது. மன்னிப்புக் கேட்ட அன்றைக்குப் பேசியது போல் இல்லை. திக்கித் திக்கிப் படித்தார். ஒரு வயதான பெண் குரல் ஏதோ கேட்டது.

“மானி-சி, இது இன்னைக்குச் சாப்பாடு முடிஞ்ச பிறகா, நாளையிலேருந்தான்னு கேக்குறாங்க.”

“உடனே அமலுக்கு வருதுன்னு போட்டிருக்கேன், டைரக்டர்நிம்.”

பதினேழோ பதினெட்டோ சித்தப்பா பெரியப்பாக்கள் அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பிறகு செருப்புப் போடும் சத்தம், மரக்கதவு நகரும் சத்தம். அவருடைய அம்மா வெளியே போகிறார் போலும். பேச்சு அடங்கிவிட்டது.

“அப்போ இந்தப் பாத்திரமெல்லாம்?” என்றார் குவோன்.

என்னைக் கேட்டாரா, அங்கிருந்தவர்களைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.